துடிக்காத விளிம்பு

என் மனைவியின் கண் கெட்டுப்போவதை முதலில் பார்த்தவன் நான். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், அவள் வேலை பார்த்த கடையின் முதலாளி பார்ப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வெளிச்சத்தில், இரண்டடிப் பலகை ஒன்றின் மேல் அதைத் தெளிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. ஏன் நன்றாக இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினேன்.

அவள் எனக்கு அத்தை மகள். குமராட்சிக்குப் பக்கத்துக் கிராமம். பி.காம். படித்துவிட்டு, கடலூரில் ஒரு விடுதியில் தங்கி, ஒரு பெயிண்ட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். கல்யாணமானதும் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு பார்த்துக் குடியேறினோம். வேலையை விடச் சொல்லி அவளுடைய அம்மா சொன்னார்கள். அவள் விடவில்லை. காலையில் பஸ் ஏறிக் கடலூர் போவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவாள்.

கடையில் அவளுக்குக் கலர் கலக்கும் மெஷினில் வேலை. கலர் அட்டையைப் பார்த்து வாடிக்கையாளர் ஒரு கலரைக் காட்டுவார். இவள் அந்த எண்ணைத் தட்டினால் வெள்ளை பெயிண்டில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விழும், டப்பாவைக் குலுக்கிக் கொடுப்பாள். வேலை அவ்வளவுதான். ஆனால் வாரத்துக்கு ஒருவராவது திரும்பி வந்து சண்டை போடுவார்கள். அட்டையில் பார்த்தது வேறு, சுவரில் வந்தது வேறு என்பார்கள். கடையில் மற்றவர்கள் மெஷினைக் குறை சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவள் மட்டும் தரை என்ன கலர், கதவு என்ன கலர், எதிர்ச் சுவர் என்ன கலர் என்று கேட்பாள். சிவப்புத் தரைக்கு மேல் அடித்த சாம்பல், பச்சையாகத் தெரியும் என்பதையும், அதே சாம்பல், பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் ரோஸ் அடிக்கும் என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சண்டைக்கு வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தானாகத் தெரிந்துகொண்டாள்.

"கலரு தனியா இருக்காது மாமா. பக்கத்துல யாரு இருக்காங்களோ, அதுக்குத் தக்கன மாறிக்கும்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். நான் கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதியவன். படித்தேனே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யாரும் வாங்காமல் விட்டுப்போன டப்பாக்களை முதலாளி அவளுக்குக் கொடுத்துவிடுவார். அவற்றை வைத்துத்தான் ஆரம்பித்தாள். முதல் பலகை எனக்கு இன்னும் மனப்பாடம். பாதி ஆரஞ்சு, பாதி கத்திரிப்பூ நீலம். இரண்டின் நடுவிலும் ஒரு சின்னச் சதுரம். ஆரஞ்சில் இருந்த சதுரம் கறுத்துக் குளிர்ந்திருந்தது. நீலத்தில் இருந்தது சந்தனம் மாதிரி ஒளிர்ந்தது. இரண்டும் ஒரே டப்பா என்றாள். நான் நம்பவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு ஓட்டை போட்டுப் பலகையின் மேல் வைத்தாள். சுற்றியிருந்த கலர்கள் மறைந்ததும் இரண்டு சதுரமும் ஒன்றாகிவிட்டன. காகிதத்தை எடுத்தாள், மறுபடி இரண்டாகின. அன்று நான் நாலைந்து தடவை அந்தக் காகிதத்தை வைத்து வைத்து எடுத்தேன். ஐந்து வருடம் கல்லூரியில் படித்த எனக்கு, அத்தை மகள் சாம்பல் கலரைக் காட்டியது சந்தோஷமாகவும் இருந்தது, எங்கோ குத்தவும் செய்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதுதான். அவள் டேப் ஒட்டிக் கோடு பிரிப்பாள், கட்டங்களை நிரப்புவாள். நான் பிளைவுட்டைத் தேய்த்துக் கொடுப்பேன், டேப்பை உரிப்பேன். நடுவில் போகப் போகச் சிறுத்துப்போகும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்டு ஒரு பலகை செய்தாள். தட்டையான பலகை பந்து மாதிரி முன்னால் உப்பி வரும். கீழ் வீட்டு அக்கா குழம்பு கொடுக்க வந்தவர், அதைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் அதைத் திருப்பி வைத்தால்தான் மாடிக்கு வருவேன் என்றார்.

அவளுடைய உண்மையான பலம் சிவப்பும் பச்சையும்தான். பளிச்சென்ற சிவப்பு, பளிச்சென்ற பச்சை. இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், அவை சந்திக்கும் விளிம்பு நிற்காது, துடிக்கும். சிவப்பு ஒரு சொட்டு கறுத்தாலும் பச்சை ஒரு சொட்டு வெளுத்தாலும் துடிப்பு செத்துவிடும். அந்த அளவைக் கண்டுபிடிக்க எந்த மெஷினாலும் ஆகாது. அவள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, குச்சியால் கறுப்பைத் தொட்டுத் தொட்டுக் கலக்குவாள். நான் எவ்வளவு முயன்றும் எனக்கு அது வாய்த்ததே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் வாய்த்தது.

புதுச்சேரியில் பத்துப் பேர் சேர்ந்து நடத்திய கண்காட்சி ஒன்றில் அவளுடைய இரண்டு பலகைகளை வைத்தார்கள். அதைப் பார்த்த ஒரு கேலரிக்காரர், அடுத்த வருடம் அவளுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி நடத்தலாம், பன்னிரண்டு பலகைகள் செய்து தாருங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும், பன்னிரண்டு ஜாஸ்தி இல்லையா மாமா என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டில் இரண்டாவது பலகை முடியும்போது இருமல் வந்தது. பெயிண்ட் நெடி என்று நினைத்தோம். மாதக்கணக்கில் நின்றபாடில்லை, உடம்பு இளைத்தது. பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கச் சரியாகிவிடும் என்றார்கள். அது உண்மைதான், அந்த மாத்திரைதான் அவளைப் பிழைக்க வைத்தது. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. மாத்திரை கொடுத்த நர்சம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்கள்.

"கண்ணு மங்குனாலோ, கலர்ல ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சாலோ உடனே வந்து சொல்லிடுங்க. கொஞ்சம் பேருக்குத்தான் அப்படி ஆவும். ஆனா ஆச்சுன்னா இதுல ஒரு மருந்த நிறுத்தணும்."

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். கலரில் வித்தியாசம் தனக்குத் தினமும்தானே தெரிகிறது, தினமும் வந்து சொல்லட்டுமா என்றாள். நானும் சிரித்தேன். எச்சரிக்கை எங்களுக்கு வராமல் இல்லை, வந்தது. நாங்கள் அதைச் சிரித்துக் கழித்தோம்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. வேலைக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை செய்தாள். எட்டு முடிந்துவிட்டது. நான் முதலில் சொன்னது ஒன்பதாவது பலகை.

சிவப்பும் பச்சையும் பட்டைகளாக நடுவை நோக்கிப் போயின. ஆனால் சிவப்பு, செங்கல்லும் இல்லாமல் காவியும் இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. பச்சை, தூசு படிந்த இலை மாதிரி இருந்தது. இரண்டும் சந்திக்கும் விளிம்பு அசையாமல் கிடந்தது. பலகை முழுக்கத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு விளிம்புகூடத் துடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஒரு நாளும் தவறாதவள் தவறியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்படித் தோன்றவில்லை. அவள் வித்தையைத் தாண்டி எங்கோ போய்விட்டாள் என்று தோன்றியது.

"எனக்கு என்னமோ சிவப்பு சரியா வரலன்னு இருக்குது மாமா" என்றாள் அவளே.

"சரியா வரலன்னு நீ நெனைக்கிற பாரு, அதுதான் இதுல சரியா வந்திருக்குது" என்றேன்.

நான் வாழ்க்கையில் சொன்ன மோசமான வார்த்தை அதுதான். அதற்குப் பிறகும் பேசினேன். துடிப்பதைவிடத் துடிக்காமல் இருப்பது கஷ்டம், கலர்களை அமைதிப்படுத்தியிருக்கிறாய் என்றெல்லாம் சொன்னேன். கல்லூரியில் மற்றவர்கள் ஓவியங்களைப் பற்றிப் பேசக் கேட்ட வாக்கியங்கள் அவை. அவள் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு, விளக்கிச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. அதை நான் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். அப்படியா மாமா என்றாள். பிறகு பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

அதற்கு ஒரு வாரம் முன்பே சிவப்பு துவைத்துப் போட்ட துணி மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டதாம். என்னிடம் கேட்க வேண்டும் என்றுதான் அன்று வாயெடுத்தாளாம். நான் பேசியதைக் கேட்டதும், தன் கண்ணில் ஏதோ கூடியிருக்கிறது, குறையவில்லை என்று நினைத்துக்கொண்டாளாம். இதையெல்லாம் பின்னால்தான் சொன்னாள். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னாள்.

அடுத்த ஆறேழு வாரத்தில் இன்னும் இரண்டு பலகைகள் செய்தாள். அவையும் அப்படியே. கடையில் மெஷின் எண்ணைப் பார்த்துக் கலக்குவதால் அங்கே ஒன்றும் வெளிப்படவில்லை. ஒரு நாள் ஒரு மேஸ்திரி இரும்பு கேட்டிலிருந்து சுரண்டி எடுத்த பச்சைச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறார். இவள் அட்டையில் பார்த்து எடுத்துக் கொடுத்தது மரக் கலர். மேஸ்திரி, அம்மா இது பச்சை இல்லையே என்று சொல்லியிருக்கிறார். அவர் விளையாடுகிறார் என்று இவள் நினைத்திருக்கிறாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, உடம்பு இன்னும் தேறவில்லை, நாலு நாள் வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுகூட, டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்திருக்கும் என்றுதான் நான் சொன்னேன். கண்ணை நம்பாதே, கண் ஏமாற்றும் என்பதையே வருடக்கணக்கில் பேசிப் பழகியிருந்தோம். அதனால் கண் கெட்டுவிட்டதென்று கண்ணே சொன்னதை இருவருமே நம்பவில்லை.

லீவு முடிந்து கிளம்பிய காலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, பஸ் போர்டுல எழுத்து தெரியல. சுத்தித் தெரியுது, நடுவுல மட்டும் பொகையா இருக்குது. மூணு பஸ்ஸ விட்டுட்டேன். நீங்க கொஞ்சம் வாங்க."

ஸ்கூலுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். தூணோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போய் நிற்கும்வரை என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். வட்டத்துக்குள் பல கலர்களில் புள்ளிகள் இருக்கும், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். அவளுக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய புத்தகம் அது. முன்னாலேயே கையில் கிடைத்திருந்தால் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் என்ன எண் தெரிகிறது என்றார். எண் இல்லை, வெறும் புள்ளிதான் இருக்கிறது என்றாள். அடுத்த பக்கத்துக்கும் அதையேதான் சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் எண் பெரிதாகத் தெரிந்தது. ஏழாவது பக்கத்துக்கு மேல் நான் பார்க்கவில்லை.

எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். இரண்டு மாதம் இருக்கும் என்றாள். அப்போதே வந்திருக்கலாமே என்றார் அவர், கோபமில்லாமல்.

"அது கோளாறுன்னு எனக்குத் தெரியல சார்" என்றாள்.

சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார். அந்த மருந்தை அன்றே நிறுத்தினார்கள். நிறையப் பேருக்குத் திரும்பிவிடும், சில பேருக்கு முழுசாகத் திரும்பாது, சீக்கிரம் நிறுத்தினால் வாய்ப்பு ஜாஸ்தி, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தோம். மற்ற மருந்துகளில் நோய் முழுக்கக் குணமாகிவிட்டது. நடுவில் இருந்த புகை கொஞ்சம் விலகி, பெரிய எழுத்துகளைப் படிக்க முடிந்தது. கலர் திரும்பவில்லை. சிவப்பும் பச்சையும் இரண்டுமே காய்ந்த வைக்கோல் மாதிரி இருப்பதாகச் சொன்னாள்.

இதற்கிடையில் கேலரிக்காரரிடமிருந்து செய்தி வந்தது. பதினோரு பலகைகளின் படங்களையும் நான்தான் முன்பு அவருக்கு அனுப்பியிருந்தேன். எல்லாமே நன்றாக இருக்கின்றன, கடைசி மூன்றும் மற்றவற்றைவிட ஒரு படி மேலே, இந்த நிதானம் எல்லாருக்கும் வராது என்று எழுதியிருந்தார். பாதி படித்ததும் நிறுத்தினேன். அவள் முழுவதும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

படித்து முடித்ததும் கேட்டாள்.

"அந்த மூணும் நான் செஞ்சதா மாமா, மாத்திரை செஞ்சதா?"

பதினொன்றையும் செய்த வரிசையில் சுவரோரம் நிறுத்தச் சொன்னாள். எது வரை தன்னுடையது, எதிலிருந்து மாத்திரையுடையது என்று பிரித்து வைக்கச் சொன்னாள். முதல் ஆறு சுலபம். கடைசி மூன்றும் சுலபம். ஏழிலும் எட்டிலும் மாட்டிக்கொண்டேன். எட்டாவதில் இடது பக்க விளிம்புகள் துடித்தன, வலது பக்கம் போகப் போக அடங்கின. அவள் இடமிருந்து வலமாகத்தான் நிரப்புவாள். அடங்க வேண்டும் என்றே அடக்கினாளா, கண் அடங்கியதால் அடங்கிற்றா? அவளைக் கேட்டேன். அப்போது வேண்டுமென்றுதான் செய்ததாக ஞாபகம், இப்போது அதையும் நம்ப முடியவில்லை என்றாள்.

கண்காட்சிக்குத் தர முடியாது என்று கேலரிக்காரருக்கு எழுதினோம். பிறகு ஏழிலிருந்து பதினொன்று வரை அந்த ஐந்து பலகைகளையும் வெள்ளையடித்துவிடச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவள் ரோலரை எடுத்து என் கையில் கொடுத்தாள். மொட்டை மாடியில் வரிசையாகப் போட்டு அடித்தேன். முதல் தடவை அடித்தபோது உள்ளிருந்து சிவப்பு ரோஸாகக் கசிந்து தெரிந்தது. மூடியதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இரண்டாவது தடவை அடித்ததும் மறுபடி கேட்டாள். மூடிவிட்டது என்றேன். சரி என்று எழுந்து கீழே போனாள்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை முயன்றோம். நான் கெஞ்சித்தான் உட்கார்ந்தாள். அவள் கலக்குவாள், நான் பார்த்துச் சொல்ல வேண்டும். துடிக்கிறதா என்பாள், துடிக்கிறது என்பேன். எவ்வளவு என்பாள். எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகம் என்பேன். எந்தப் பக்கம் இழுக்கிறது, சிவப்பு முன்னால் வருகிறதா, பச்சை உள்ளே போகிறதா என்று கேட்டுக்கொண்டே போவாள். நான் உளறுவேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. மூன்றாவது ஞாயிறு மத்தியானம் குச்சியைத் துடைத்து டப்பா மேல் வைத்தாள்.

"போதும் மாமா. உங்க கண்ண வச்சி நான் பாக்க முடியாது."

கடை முதலாளி நல்ல மனிதர். வேறு வேலை தருகிறேன், வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். அவள் போகவில்லை. மிச்சமிருந்த டப்பாக்களை அந்த மேஸ்திரியே வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

உறவில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, ஒன்றை விரித்து நான் நன்றாக இருக்கிறது என்றேன். கடைப் பெண் எதிரிலேயே, "நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. என்ன கலருன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். குரலில் கடுமை இல்லை. பச்சை, சிவப்புக் கரை என்றேன். இப்போது வீட்டில் அப்படித்தான் பேசுகிறோம். பால் காய்ந்துவிட்டது, மழை வருகிறது, கரண்ட் போய்விட்டது. யாரும் எதையும் விளக்குவதில்லை. பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கலர் பாடம் வரும்போது, புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வருடம் அவள் அடிக்கடி குமராட்சிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். முதலில் இரண்டு நாள் என்றாள், பிறகு ஒரு வாரம், இப்போது மாதக்கணக்கில். அங்கே தன்னிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்வதில்லையாம். போன மாதம் கூட்டிவரலாம் என்று போனேன். வயலோரம் ரோட்டில் என்னோடு மினிபஸ் வரும் இடம்வரை நடந்து வந்தாள். நெல் பச்சையா, பழுத்துவிட்டதா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. கேட்டால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

பஸ் வந்ததும், என்னை ஏறச் சொன்னாள்.

"அறுப்பு முடிஞ்சு வரேன் மாமா" என்றாள்.

குறுவையா, சம்பாவா, எந்த அறுப்பு என்று நான் கேட்கவில்லை. ஜன்னலோரம் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.